ஸ்கேன் செய்த தாள் சாம்பலாக வருகிறதா? வெள்ளையைச் சரியாக எடுப்பது எப்படி

மார்க் சீட்டு, பத்திரம், பழைய கடிதம் எதை வீட்டு ஸ்கேனரில் வைத்தாலும் தாள் மங்கலான சாம்பலாகவோ மஞ்சள் ஏறியோ வருகிறதா? பிரைட்னஸைக் கூட்டாதீர்கள், தாளோடு சேர்ந்து எழுத்தும் வெளுத்துவிடும். இந்தத் தாளில் எது வெள்ளை என்பதை ஸ்கேனர் முடிவு செய்யாமல் நீங்கள் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முதலில் கண்ணாடியைத் துடையுங்கள். திரவத்தைத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும், கண்ணாடி மேல் நேராகத் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். மடிப்பு விழுந்த தாளை ஒரு ராத்திரி கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிடுங்கள், ஏனென்றால் இப்போது வீட்டுக்கு வாங்கும் மெல்லிய ஸ்கேனர்களில் தாள் கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் எழும்பினாலே அந்த இடம் கலங்கி இருட்டாகிவிடும், அந்த நிழலை அப்புறம் மென்பொருளில் எடுப்பது பெரும்பாடு.

அடுத்து ஸ்கேனர் மென்பொருளில் ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கலர், பேக்ரவுண்ட் ரிமூவல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கணக்குப் போடும், போட்டோ ஒட்டிய பக்கம் ஒரு வெள்ளை, வெறும் எழுத்துள்ள பக்கம் வேறு வெள்ளை என்று ஒரே பத்திரமே பல நிறத்தில் வரும். பேக்ரவுண்ட் ரிமூவல் இன்னும் மோசம், பென்சில் குறிப்பையும் மங்கிய முத்திரையையும் அழுக்கென்று நினைத்து அழித்துவிடும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), கலர், அது போதும். கருப்பு வெள்ளை என்ற தேர்வில் ஒவ்வொரு புள்ளியும் முழுக் கருப்பு அல்லது முழு வெள்ளை, நடுவில் எதுவும் கிடையாது, கையெழுத்தும் சீலும் உள்ள தாளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

சரி, இப்போது லெவல்ஸ், அதாவது படத்தில் எது முழு வெள்ளை, எது முழுக் கருப்பு என்று நாமே குறிக்கும் கருவி. கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் இலவசம், அதில் கலர்ஸ் மெனுவில் இருக்கிறது. அங்கே தெரியும் ஹிஸ்டோகிராமில், அதாவது இருண்ட புள்ளிகள் இடதிலும் வெளிச்சமானவை வலதிலும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தில், வலது பக்கம் ஒரு பெரிய மேடு தெரியும், அதுதான் தாள். வெள்ளைக்கான ஐட்ராப்பரை (சொட்டுக்குழாய் படம் போட்ட பொத்தான்) எடுத்து, கறையோ எழுத்தோ இல்லாத ஓர் இடத்தில் கிளிக் செய்யுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக உச்ச அளவான 255க்கு ஏறும், அதனால் மஞ்சளும் கூடவே போய்விடும். தாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது என்பதால் அங்கங்கே சாம்பல் மிச்சம் இருக்கும், வெள்ளை ஸ்லைடரை அந்த மேட்டின் இடது அடிவாரம் வரை மெதுவாக நகர்த்தினால் அதுவும் போகும். எழுத்து கருக்க வேண்டுமானால் கருப்பு ஸ்லைடரைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளுங்கள். மங்கலான சீல் ஒன்றைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள், அது கரைய ஆரம்பித்தால் போதும், திரும்பி வந்துவிடுங்கள்.

ஆனால் பழுத்துப்போன பத்திரத்தைப் பால்வெள்ளை ஆக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த நிறமும் ஆவணத்தின் ஒரு பகுதி. அதற்கு ஐட்ராப்பரே வேண்டாம், வெள்ளை ஸ்லைடரை மேட்டின் வலது ஓரத்தில் நிறுத்திவிட்டால் தாள் தாளாகவே தெரியும். புது ஏ4 தாளில் வேறு சங்கதி: வெள்ளையாகத் தெரிய அதில் ஒளிரும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள், அது வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிரும். எல்இடி ஸ்கேனர் வெளிச்சத்தில் புற ஊதா மிகக் குறைவு, அதனால் கையில் பளிச்சென்று இருக்கும் தாள் ஸ்கேனில் சோர்ந்துதான் வரும். ஸ்கேனரில் கோளாறு இல்லை.

மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிகிறதா? தாளுக்குப் பின்னால் ஒரு கருப்புச் சார்ட் வையுங்கள். தாளை ஊடுருவிப் போகும் வெளிச்சத்தை மூடியின் வெள்ளை திருப்பி அனுப்புவதால்தான் பின்பக்கம் தெரிகிறது, கருப்பு அதை விழுங்கிவிடும். பக்கம் முழுவதும் ஒரே சீராகக் கொஞ்சம் இருண்டு வரும், அதை லெவல்ஸ் பார்த்துக்கொள்ளும்.

திரையில் நைட் லைட் ஓடிக்கொண்டிருந்தால் எந்த வெள்ளையும் மஞ்சளாகத்தான் தெரியும், அதை அணைத்துவிட்டுப் பாருங்கள், அல்லது கலர் பிக்கரில் அந்த இடத்தின் சிவப்பு, பச்சை, நீல எண்ணைப் பாருங்கள், மூன்று எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நிறம் ஏறவில்லை. சேமிக்கும்போது தரம் குறையாத பிஎன்ஜி வடிவம். ஜேபெக்கில் அழுத்திச் சேமித்தால் சுத்தமான வெள்ளையில் எழுத்தைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் வரும். ஏதாவது விண்ணப்பத்துக்குச் சின்ன ஜேபெக் கேட்டால், பிஎன்ஜியை அப்படியே வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள்.