அமிர்தி காட்டுக்குப் போகிறவர்களுக்கு

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர் போனால், ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமெல்லாம் உயிரியல் பூங்காவோடு திரும்பிவிடும். அதற்கு அப்பால் உள்ள காட்டைப் பார்க்க நினைத்தால் முன்னேற்பாடு வேண்டும்.

பூங்கா டிக்கெட்டை வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடக்க முடியாது. அது காப்புக்காடு. எதுவரை போகலாம், கூட வர ஆள் கிடைப்பாரா என்று வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் இறந்த பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன. பிப்ரவரியிலிருந்து மே வரை சருகு காய்ந்து கிடக்கும், ஒரு பீடித்துண்டு போதும். அந்த மாதங்களில் விடமாட்டோம் என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

கோடையில் அருவி வெறும் பாறைதான். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். ஆனால் அப்போது ஓடையை நம்பக் கூடாது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் செருப்பைக்கூடத் தேடாமல் கரையேறுங்கள்.

காலை ஏழு மணிவாக்கில் கிளம்புங்கள். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், முழுக்கைச் சட்டை, பிடிமானமுள்ள ஷூ. அந்திக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும், அது கரடி நடமாடும் நேரம். புதர் மண்டிய திருப்பங்களில் பேசிக்கொண்டே நடங்கள். கரடி பெரும்பாலும் தாக்குவது, ஆள் வருவது தெரியாமல் திடுக்கிடும்போதுதான்.

ஓடைக்கரையில் நீர்மருதைத் தேடுங்கள். வெளிறிய, வழவழப்பான பட்டை, அங்கங்கே தகடு தகடாக உரிந்திருக்கும். கீழே கிடக்கும் காயை எடுத்துத் திருப்பினால் நீளவாக்கில் ஐந்து இறக்கை. பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். சந்தனம் பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைக் கோத்து உறிஞ்சி வாழும் மரம், சுற்றியுள்ள புதரை வெட்டினால் அதுவும் நலியும். காய்ந்த சந்தனக் குச்சியை எடுத்து வந்தாலும் குற்றம்தான்.

பலரும் கோட்டை விடுவது ஸ்க்ரப் டைபஸ் விஷயத்தில். வேலூர்ப் பக்கம் மழை, பனி மாதங்களில் அதிகம் வரும் காய்ச்சல் இது. காட்டுக்கு ஏற்ற காலமும் அதுவேதான். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குஞ்சு கடிப்பதால் வருகிறது. அதனால் புல்லில் உட்காராதீர்கள், துணியைப் புதர்மேல் காயப்போடாதீர்கள். சாப்பிட வெறும் பாறை போதும். பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகி, பூச்சிவிரட்டி தடவிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, துணியை வெந்நீரில் அலசுங்கள்.

கடித்த இடம் வலிக்காது, அதனால்தான் தப்பிப்போகிறது. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில், சிலருக்கு மூன்று வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரும். அப்போது அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளைச் சீக்கிரம் தொடங்கினால் நன்றாகக் கேட்கும். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும். காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், காட்டுக்குப் போன தேதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.