சகரியா 9:9-ஐ நான்கு சுவிசேஷங்களோடும் ஒப்பிட்டுப் படிப்பது எப்படி?

குருத்தோலை ஞாயிறு பாடத்தின் நடுவே, இயேசு ஏறிவந்தது ஒரு கழுதையா இரண்டா என்று ஓய்வுநாள் பள்ளிச் சிறுவன் ஒருவன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ராஜா கழுதையின்மேல் ஏறிவருவார் என்று பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி சகரியா சொன்ன வசனத்தில்தான் அந்தக் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. பிறகு நான் கண்டுகொண்ட வழிமுறை இது.

படி 1: மத்தேயு 21:1–9, மாற்கு 11:1–10, லூக்கா 19:29–38, யோவான் 12:12–16 ஆகியவற்றைத் தனித்தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செயலியைவிடக் கையெழுத்தே மேல் என்பது என் கட்சி. கண் தாண்டிப்போகும் சொல் கையில் சிக்கிக்கொள்ளும். நான்கையும் ஒரே கதையாகக் கோத்துத் தரும் நூல்களைத் தொடாதீர்கள், ஏனெனில் நாம் தேடும் வேறுபாடுகளைத்தான் அவை முதலில் அழித்துவிடுகின்றன.

படி 2: வசனத்தை எடுத்துக்காட்டுபவர் யார் என்று குறியுங்கள். மத்தேயுவும் யோவானும் மட்டுமே. மாற்கும் லூக்காவும் ஒருவரும் ஏறியிராத குட்டியைச் சொல்கிறார்களே தவிர, சகரியாவை மேற்கோள் காட்டுவதில்லை. தொடர்புள்ள வசனங்களை ஓரத்தில் காட்டும் ஒத்துவாக்கியப் பைபிளில் அவருடைய பெயர் இருந்தாலும் அது பதிப்பித்தவர்கள் சேர்த்த குறிப்பு.

படி 3: சகரியாவின் வசனத்தைக் கவிதையாகப் படியுங்கள். நான் இடறியது இங்கேதான். பழைய திருப்புதலில் (சபைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில்) "கழுதையின்மேலும் கழுதைக்குட்டியாகிய மறியின்மேலும்" என்று இருக்கிறது. இரண்டு "உம்" வந்தவுடன் தமிழ்க் காது இரண்டு விலங்குகளை எண்ணிவிடுவதால், நானும் "இரண்டு" என்று எழுதிவிட்டு ஒரு வாரம் குழம்பினேன். ஆனால் எபிரெயக் கவிதையில் முதல் அடி சொன்னதையே இரண்டாம் அடி வேறு சொற்களில் திரும்பச் சொல்வது வழக்கம். இரண்டையும் இணைக்கும் இடைச்சொல் "உம்" என்றும் "அதாவது" என்றும் பொருள்படக்கூடியது. அதே வசனத்தின் தொடக்கத்தில் வரும் சீயோன் குமாரத்தியும் எருசலேம் குமாரத்தியும் இருவர் அல்லர் என்பதைக் கவனித்த பிறகே எனக்கு இது விளங்கிற்று.

இப்போது மத்தேயுவுக்குத் திரும்புங்கள். அவரிடம் மட்டுமே தாய்க்கழுதையும் குட்டியும் சேர்ந்து வருகின்றன. சீஷர்கள் "அவைகள்மேல்" வஸ்திரங்களைப் போடுகிறார்கள். கவிதையின் இரு அடிகளையும் மத்தேயு நிகழ்ச்சியிலேயே தனித்தனியாகக் காட்டுகிறார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பழகாத குட்டியோடு தாயையும் கொண்டுவந்தது இயல்பே என்பது வேறு சிலரின் விளக்கம். முதலாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

படி 4: மேற்கோளில் விடுபட்டதைப் பாருங்கள். மத்தேயு ஏசாயா 62:11-இன் சொற்களோடு தொடங்கி, "நீதியுள்ளவரும் இரட்சிக்கிறவரும்" என்பதை விட்டுவிட்டு, தாழ்மையை மட்டும் வைத்துக்கொள்கிறார். யோவானோ தாழ்மையையும் விட்டுவிட்டு, "பயப்படாதே" என்று தொடங்குகிறார். யோவானின் விவரிப்பில் ஜனங்கள் ஆர்ப்பரித்த பின்புதான் கழுதைக்குட்டி வருகிறது. சீஷர்கள் இதை அப்போது அறியவில்லை, இயேசு மகிமையடைந்த பின்பே நினைவுகூர்ந்தார்கள் என்று 12:16 சொல்வதை அடிக்கோடிடுங்கள்.

பிற்சேர்க்கை: இதே முறையைப் பழக, வஸ்திரங்களைப் பங்கிடுவதையும் உடையின்பேரில் சீட்டுப்போடுவதையும் இரண்டு அடிகளில் சொல்லும் சங்கீதம் 22:18-ஐப் பயிற்சியாகக் கொடுத்திருந்தேன். அங்கே அடிகளைப் பிரிப்பவர் யோவான்: 19:23–24-இல் வஸ்திரங்கள் நான்கு பங்காகின்றன, தையலில்லாத அங்கிக்குத் தனியே சீட்டு. மத்தேயு 27:35-இல் உள்ள இதே சங்கீத மேற்கோள் தம் பைபிளில் இல்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை. பிற்காலப் பிரதிகளின் வழியாகப் பழைய திருப்புதலில் இடம்பெற்றது, 1995-இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இல்லை. ஆகவே படி 2-க்கு முன் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் விரித்துவைத்துக்கொள்ளுங்கள்.