நெல் அறுக்கப் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள்

தை பிறந்தால் அறுப்புப் பழக வேண்டும் என்று நாலைந்து பேராவது எங்கள் வயலுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கியவர்கள். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் முன்னின்று நடத்திய ஏற்பாடு அது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக்கவுனி என்று பாரம்பரிய ரகங்களைக் கால் ஏக்கர், அரை ஏக்கர் போட்டிருப்பார்கள். அந்த வயலில் அறுவடை இயந்திரத்தை இறக்கினால் முந்தின வயலின் நெல் அதன் உள்ளே தங்கியிருந்து விதையோடு கலந்துவிடும். அதனால் விதைக்கு விட்டதைக் கையால் அறுப்பதுதான் சரி.

விரல் பத்திரம், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். வருஷா வருஷம் கண்ணெதிரே நடந்தும் யாரும் எடுத்துச் சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கொத்துவது

விறகு வெட்டுகிற அரிவாள் வேறு, விளிம்பில் கருக்கு, அதாவது சிறு பல், வெட்டிய கருக்கரிவாள் வேறு. கருக்கரிவாளின் பல் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். தூரை, அதாவது ஒரே இடத்தில் கிளைத்து நிற்கும் தாள் கொத்தை, சுற்றிப் போட்டு நம் பக்கம் இழுத்தால்தான் அது அறுக்கும். ஓங்கிக் கொத்தினால் தாள் நசுங்கும், கதிர் குலுங்கி முற்றிய நெல் வயலிலேயே கொட்டிவிடும். இடது கை கட்டைவிரல் மேலே பார்த்திருக்க, தூரை இறுக்கிப் பிடியுங்கள். அப்போது அரிவாளுக்குப் பக்கத்தில் இருப்பது சுண்டுவிரல். அறுக்கும் இடத்துக்கும் அதற்கும் ஒரு கையகலமாவது இடைவெளி வேண்டும்.

சாணை பிடிப்பது

பிடிக்காதீர்கள். பல் போய்விடும். கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோனால் உளி வைத்துப் புதுக் கருக்கு வெட்டித் தருவார்கள்.

அரி போடத் தெரியாமல் அறுக்க இறங்குவது

எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். புதிதாக வருகிறவர்களுக்கு அறுப்பதில் மட்டுமே கண். யார் முதலில் அடுத்த வரப்பைத் தொடுவது என்று போட்டி வேறு. கை நிறைந்ததும் அறுத்ததைப் பின்னால் வீசிவிட்டு அடுத்த தூருக்குப் போய்விடுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் புயல் அடித்த வயல் மாதிரி கிடக்கும்.

மூன்று நான்கு கைப்பிடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அது ஓர் அரி. கதிரெல்லாம் ஒரு பக்கம், அடித்தாளெல்லாம் ஒரு பக்கம். அடித்தாள் முனைகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கதிர் மண்ணில் படக் கூடாது, அறுத்த கட்டைத் தாளின் மேல் தூக்கலாகக் கிடக்க வேண்டும். வைக்கோல் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்குமே என்று தரையோடு ஒட்ட அறுக்கிறார்கள். அப்புறம் கதிரை எதன்மேல் கிடத்துவது? நாலு விரற்கடை தாளாவது விடுங்கள். ஈரம் இருக்கிற வயலில் இன்னும் கொஞ்சம் உயரமாகவே அறுக்கலாம்.

போன தையில் நண்பர் ஒருவரின் கருப்புக்கவுனியை அறுக்கப் போயிருந்தோம். பாதிப் பேர் புதியவர்கள், நல்ல உற்சாகம். எங்களோடு அறுத்த அக்கா ஒருவர், "வீசாத தம்பி, பிள்ளையப் படுக்க வைக்கிற மாதிரி வையி. நெல்லு கொட்டுது பாரு" என்று நாலு தடவை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் மொத்த வயலும் அறுத்தாயிற்று, எல்லோருக்கும் மகிழ்ச்சி. அன்று ராத்திரி கடும் பனி, அடுத்த இரண்டு நாளும் பருவம் தப்பிய மழை. மூன்றாம் நாள் போய் அரியைப் புரட்டினால் மண்ணில் கிடந்த கதிரெல்லாம் வெள்ளையாக முளைகட்டியிருந்தது. அக்கா போட்ட அரியில் மேல்நெல் நனைந்திருந்ததே தவிர, முளைப்பு இல்லை. அதே வயல், அதே மழை. ஆறு மாதம் காத்துக் காப்பாற்றிய விதை அது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மழையே பெய்யாவிட்டாலும் நஷ்டம் நஷ்டம்தான். தலைமாறிக் கிடக்கும் அரியைக் கட்டாகக் கட்டினால் இரண்டு பக்கமும் கதிர் நீட்டிக்கொண்டிருக்கும். களத்தில் அடிக்கும்போது ஒரு பக்கக் கதிர்தான் கல்லில் படும். மறுபக்கத்து நெல் உதிராமல் அப்படியே வைக்கோல் போருக்குப் போய்விடும். பிரித்து அடுக்கிக் கட்டலாம் என்றால் அதற்கு ஒரு கூலி, அதில் கொட்டுகிற நெல் தனி.

கட்டுகிற நேரமும் முக்கியம். அரி வெயிலில் காய்ந்தபின், மறுநாள் விடியலில் லேசான பனிப்பதம் இருக்கும்போது கட்டுங்கள். தாள் வளைந்து கொடுக்கும், கட்டுக்கு முறுக்கிய வைக்கோல் பிரி அறாது. உச்சி வெயிலில் கட்டைத் தூக்கினால் போகிற வழியெல்லாம் நெல். அடித்த நெல்லை மறுபடி காயவைக்கத்தான் வேண்டும். அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை எடுப்பார்கள். விதைக்கு அது ஆகாது, 13 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

இடக்கைக்காரர்கள்

கருக்கு வலக்கைக்கு ஏற்றபடி ஒரு முகத்தில் மட்டுமே வெட்டியிருக்கும். இடக்கைக்கென்று தனியாக அடிக்கச் சொல்லி வாங்குங்கள்.

தண்ணீரை வடிக்காமல் இருப்பது

அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பே வடித்துவிடுங்கள்.

சாய்ந்த பயிரை எதிரே நின்று அறுப்பது

பாரம்பரிய ரகங்கள் ஆள் உயரம் வளரும். கதிர் முற்றும்போது காற்றடித்தால் சாய்ந்துவிடும். கதிர் கிடக்கும் பக்கத்திலிருந்து இறங்கினால் நெல்லை மிதித்துக்கொண்டேதான் போக வேண்டும். கிழக்கே சாய்ந்திருந்தால் மேற்கு வரப்பிலிருந்து தொடங்குங்கள். அடித்தாள் முதலில் கைக்கு வரும், கதிர் உங்களுக்கு முன்னால் கிடக்கும். ஒரு பிடியை அறுத்துத் தூக்கினால் அதன் கீழே அடுத்த தூர் தெரியும்.

சொல்லிக்கொடுக்கிறவர்கள் செய்வது

பழகுகிறவரை இரண்டு தேர்ந்த ஆட்களுக்கு நடுவில் நிறுத்துகிறார்கள். இரண்டு பக்கமும் ஆள் முன்னே போகப் போக அவருக்குப் பதற்றம், பதற்றத்தில் கொத்தல், வீச்சு எல்லாம் வந்துவிடும். வரப்போரம் கடைசி வரிசையைக் கொடுங்கள். எதிரே நின்று காட்டாதீர்கள், இடது வலது குழம்பும். பக்கத்தில் நின்று நாலு பிடி அறுத்துக் காட்டுங்கள்.

முதல் நாள் காலையில் அரிவாளே கொடுக்காமல் மற்றவர்கள் அறுப்பதை வாங்கி அரி போடச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். மத்தியானம் கையில் அரிவாளைக் கொடுத்தால், யாரும் சொல்லாமலே நாலு விரற்கடை விட்டு அறுக்கிறார்கள்.