ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளியிலிருந்து கொலிஜுக்கு: ஐந்தாவது எழுத்தைக் கவனியுங்கள்

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா? சரி, ரிப்போர்ட் கார்டில் மார்க்ஸைப் பார்க்குமுன் பாடக் குறியீட்டைப் பாருங்கள். கிரேட் 11, 12 பாடங்களின் குறியீட்டில் ஐந்தாவதாக வரும் எழுத்து 'யூ' என்றால் பல்கலைக்கழகத்துக்கு, 'சி' என்றால் கொலிஜுக்கு (தொழில்சார்ந்த டிப்ளோமா படிப்புகள் தரும் இடம்), 'எம்' என்றால் இரண்டுக்கும். 'ஈ' (E) என்றால் பள்ளி முடித்து நேரே வேலைக்கு.

புதிதாக வந்த பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அந்த 'ஈ'யில்தான். ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காக, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் "இது சுகமான வகுப்பு" என்று அதைக் காட்டுவதுண்டு. ஆனால் 'ஈ' கணிதத்தை வைத்துக்கொண்டு பெரும்பாலான கொலிஜ் டிப்ளோமா படிப்புகளுக்குள் நுழைய முடியாது. கறுப்பினப் பிள்ளைகளும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் கிரேட் 9இலேயே இப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்ற நெடுநாள் முறைப்பாட்டுக்குப் பிறகு, 2021இல் கணிதத்திலும் 2022இல் மற்றப் பாடங்களிலும் அந்த வகுப்பில் பிள்ளைகளை வெவ்வேறு நிலைப் பாடங்களுக்குப் பிரிப்பதை மாகாணம் நிறுத்தியது. கிரேட் 10 முதல் பிரிப்பு இன்னும் இருக்கிறது.

ஆகவே அடுத்த ஆண்டுப் பாடத் தெரிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் பள்ளியில் பாடத் தெரிவுக்கு ஆலோசனை சொல்லும் கைடன்ஸ் கவுன்சிலரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இதை எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போக முடியாமல் போகும்?" 'சி' கணிதத்திலேயே இரண்டு உண்டு. தொழில்நுட்பக் கணிதம் வேறு, அடிப்படைக் கணிதம் வேறு. எஞ்சினியரிங் பக்கம் போக நினைக்கும் பிள்ளைக்கு முதலாவதே நல்லது.

ஊரில் படித்த மார்க்ஸ் சீட், ஓ/எல் பெறுபேறு எல்லாவற்றையும் அதிபரிடம் காட்டுங்கள். அவற்றுக்கும் கிரெடிட் (முடித்த பாடத்துக்கான அலகு) கொடுப்பார்கள். பள்ளி டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். கட்டாய ஆங்கிலக் கிரெடிட் நான்கில் மூன்று வரை ஈ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும்) வகுப்பிலிருந்தே வரலாம். 40 மணிநேரச் சமூக சேவையைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். டூயல் கிரெடிட் என்றொரு ஏற்பாடும் உண்டு. பள்ளியில் இருக்கும்போதே கொலிஜ் வகுப்பில் போய் இருக்கலாம், கட்டணம் இல்லை.

"கொலிஜா, யூனிவர்சிட்டி கிடைக்கேல்லையா?" என்று உறவுகள் கேட்கும். கேட்கட்டும். ஸ்காபரோவில் 1966இல் திறந்த சென்ரெனியல்தான் ஒன்ராறியோவின் முதல் அரச கொலிஜ். ரொறன்ரோ பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்தோடு சேர்ந்தே அது சில படிப்புகளை நடத்துகிறது.

கொலிஜ் விண்ணப்பத்தை பெப்ரவரி 1க்குள் போடுங்கள். அதுவரை வந்தவற்றைச் சமமாகப் பார்ப்பார்கள். இடம் குறைந்த படிப்புகளில் பிந்தினால் சிக்கல்.

கட்டண விஷயத்தில் கவனம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை, குடியேற்ற நிலை என்னவானாலும், பள்ளி மறுக்க முடியாது. கொலிஜ் அப்படியல்ல. நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களும் அகதியாக ஏற்கப்பட்டுப் பாதுகாப்பு அளிக்கப்பட்டவர்களும் உள்ளூர்க் கட்டணம் கட்டி, ஓசாப் என்ற மாகாண மாணவர் நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள் எந்தக் கட்டணம் என்று கொலிஜிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓசாப் பெற்றோரின் வருமானத்தையும் பார்க்கும், அதனால் வருமானம் இல்லாவிட்டாலும் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்.

பள்ளி டிப்ளோமா இல்லாமலே 19 வயது நிறைந்தவர்களும் முதிர்ந்த மாணவராக விண்ணப்பிக்கலாம். அம்மா அப்பாவுக்கும் இது பொருந்தும்.