பொமேரியன் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெக்கையான கச்சான் காற்று தொடங்கினால் போதும், மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் மொட்டையடித்த பொமேரியன் நாய்கள் கண்ணில் படத் தொடங்கிவிடும். ஒரு காலத்தில் நாங்கள் விட்ட பிழைகளையே இப்போது புதிதாக வளர்ப்பவர்களும் விடுகிறார்கள். தண்ணீர் வைக்க, குளிப்பாட்ட எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

வெக்கைக்கு மொட்டை

ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பி தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதுகு முழுக்க ரோஸ் நிறத் தோல், இடுப்பில் வெயில் சுட்ட தழும்பு. "வெக்கை தாங்காதெண்டு மெசினால வழிச்சிட்டம் அக்கா. இப்ப முடி வளருதில்ல."

பொமேரியனுக்கு முடி இரண்டு அடுக்கு. அடியில் பஞ்சு போல மென்முடி, மேலே நீண்ட முரட்டு முடி. வெயில் நேரே தோலில் படாமல் காப்பது அந்த மேல்முடிதான். நமக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து இளைத்தே சூட்டை வெளியேற்றும். ஆகவே வழித்துவிட்டால் உடம்பு குளிரும் என்ற கணக்குப் பிழை. ஒட்ட வழித்தபின் சில நாய்களுக்கு முடி திரும்ப ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், சிலவற்றுக்குத் திட்டுத்திட்டாகத்தான் முளைக்கும். அந்தத் தம்பி எண்ணெய், கிறீம் என்று எவ்வளவோ செலவழித்தார். மாரி வந்தும் நாயின் இடுப்பு வெறுமையாகவே கிடந்தது. காசு வாங்கிக்கொண்டு மெசின் பிடிப்பவர்கள் இதை முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம்.

கம்பிச் சீப்பால் தோல் வரை இறக்கி அடிமுடியை வாருங்கள். காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் சிக்கு கட்டும். பாதத்தின் அடியிலும் மலவாசலைச் சுற்றியும் வெட்டினால் போதும். வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடுங்கள். இளைப்பு அடங்காமல் எச்சில் வடித்துத் தள்ளாடினால், சாதாரணத் தண்ணீரால் வயிற்றையும் கால்களையும் நனைத்து, காற்றுப் படவைத்து, உடனே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

கழுத்துப் பட்டி

இந்த இனத்துக்கு மூச்சுக்குழாய் எளிதில் தளரும். கழுத்தில் இழுபடாமல் நெஞ்சுப் பட்டி போடுங்கள்.

கறிச்சோறு

கறியில் கிடக்கும் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கொடுக்காதீர்கள்.

பனடோல்

நாங்கள் காய்ச்சலுக்குப் போடும் இந்தப் பரசிட்டமோல் குளிசையை, மிருக வைத்தியர் சொல்லாமல் நாய்க்கு ஒரு துண்டுகூட வேண்டாம்.

"வீட்டுக்குள்ளதானே கிடக்கு"

இப்படிச் சொல்லியே விசர்நாய்த் தடுப்பூசியைத் தவறவிடுகிறார்கள். படலை திறந்திருக்கும் ஒரு நிமிடத்தில் தெருநாய் உள்ளே வந்துவிடும். கடற்கரைப் பற்றைகளுக்குள் போய்வந்தால் காதுமடலையும் விரலிடுக்கையும் விரித்து உண்ணி பாருங்கள். ஈறு வெளுத்து, சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். விடியட்டும் என்று வைத்திருக்காமல் அன்றே கொண்டுபோங்கள்.