நாடகத்துக்கு முன்னும் பின்னும்: சாப்பாட்டில் நாம் செய்யும் தவறுகள்

சினிமாவுக்குப் போகிற பழக்கத்திலேயே நாடகத்துக்கும் போவதுதான் முதல் தவறு. சினிமாவில் படம் தொடங்கும் முன் விளம்பரம் ஓடும், இடைவேளை நிச்சயம் உண்டு, உள்ளேயே பாப்கார்ன் கிடைக்கும், வெளியே வந்தால் மால் திறந்திருக்கும். சென்னையில் கச்சேரியும் நாடகமும் நடத்துகிற சபாக்களுக்கு நாடகம் பார்க்கப் போனால் இதில் எதையும் நம்பிப் போக முடியாது. ஆறரைக்கோ ஏழுக்கோ மணி அடித்துத் திரை விலகினால் எட்டே முக்கால், ஒன்பது வரை நாற்காலியில்தான். டிபன் வேளை முடிகிறபோது நாடகம் ஆரம்பிக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக் கடைகள் பாத்திரம் கழுவத் தொடங்குகிறபோது முடிகிறது. மற்ற தவறுகளில் பாதி, இந்த நேரக் கணக்கைப் பார்க்காததால் வருகிறவை.

அடுத்தது, சபா என்றால் கேன்டீன் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பட்டினியாகப் போய் நிற்பது. டிசம்பரில் போய்ப் பழகியவர்களுக்குத்தான் இந்த ஏமாற்றம் அதிகம். மார்கழி இசை சீசனில் பெரிய சபாக்களில் பந்தல் போட்டு, ஞானாம்பிகா, மின்ட் பத்மநாபன் மாதிரி பேர்போன சமையல்காரர்கள் வந்து இறங்குவார்கள். மதியம் இலைச் சாப்பாடு, சாயங்காலம் கீரை வடை, அடை அவியல், அசோகா அல்வா என்று அமர்க்களப்படும். உள்ளே பாடுகிறவர் யார் என்றே தெரியாமல் சாப்பிட மட்டும் வருகிறவர்களும் உண்டு. கேன்டீனுக்கு டிக்கெட் தேவையில்லையே. ஆனால் அது சீசன் விஷயம். நாடகக்காரர்களின் திருவிழா பெரும்பாலும் கோடையில். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழா நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் அதே சபாவுக்குப் போனால் பந்தலும் இருக்காது, அல்வாவும் இருக்காது. ஏதாவது ஒரு மூலையில் காபியும் போண்டாவும் கிடைத்தால் அதிர்ஷ்டம். சீசனிலேயேகூட, போன வருஷம் இந்தச் சபாவில் சாப்பிட்டோமே என்று அதே கைமணத்தைத் தேடிப் போவது சரிவராது. எந்தச் சபாவுக்கு எந்தச் சமையல்காரர் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

சரி, வெளியே ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்கிறீர்கள். மணி ஆறு பத்து. உட்கார்ந்ததும் "ஒரு ஆனியன் ரவா" என்கிறீர்கள். இங்கேதான் நாடகத்தின் முதல் காட்சி கைவிட்டுப் போகிறது. சாதா தோசை மாவைப் போல ரவா தோசை மாவைக் கரண்டியால் தேய்க்க முடியாது. நீர்க்கக் கரைத்த மாவைக் கல்லின் மேல் வீசித் தெளிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் முழுக்க வற்றி, ஓட்டை ஓட்டையாக முறுகும் வரை காத்திருக்க வேண்டும். கூட்ட நேரத்தில் மாஸ்டர் ஒரு ரவாவுக்காகக் கல்லை ஒதுக்க மாட்டார். நாலைந்து ஆர்டர் சேரட்டும் என்று வைத்திருந்து, மொத்தமாக ஊற்றுவார். "பத்து நிமிஷம் ஆகும் சார்" என்று சர்வர் சொன்னால் அதைப் பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் காபி வர வேண்டும், பில் வர வேண்டும். நாடகத்துக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், ஏற்கெனவே தயாராக இருப்பதை மட்டும் கேளுங்கள்: இட்லி, வடை, அன்றைக்குப் போட்டு வைத்திருக்கிற போண்டா. சாம்பாரில் ஊறின வடை இரண்டு சாப்பிட்டால் ஒன்பது மணி வரை தாங்கும்.

அதற்காக ஐந்து மணிக்கே பூரி, பொங்கல், நெய் ரோஸ்ட் என்று வரிசையாக இறக்குவதும் உதவாது. ஏசி அரங்கு, மங்கலான வெளிச்சம், மெத்தென்ற நாற்காலி. இரண்டாம் காட்சியில் கண் செருகும். தூங்கினால்கூடப் பரவாயில்லை, குறட்டை விட்டால்தான் ஆபத்து. சிரிப்பு நாடகத்தில் வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே நடிகர் விடுகிற அந்த ஒரு நொடி மௌனத்தில் உங்கள் குறட்டை முதல் வரிசை வரை கேட்கும்.

மயிலாப்பூரில் நாடகம் என்றால் இந்தப் பிரச்சினைக்கு நல்ல விடை உண்டு. சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். இரண்டிலிருந்தும் நடக்கிற தூரத்தில் தின்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸின் இட்லியும் கெட்டிச் சட்னியும் ஊரறிந்தது. ஆனால் அது சின்ன இடம். வெளியே நின்று முறை வந்தால்தான் உள்ளே போக முடியும். நாடகத்துக்கு முன் போவதானால் நாலு, நாலரைக்கே போய்விட வேண்டும். நாடகம் விட்ட பிறகு போகலாம் என்று நினைக்கவே கூடாது. மாட வீதி கற்பகாம்பாள் மெஸ்ஸில் ஒரு கீரை வடை, அப்புறம் காளத்தி கடையில் ஒரு ரோஸ் மில்க் என்பது என் கட்சி. ரோஸ் மில்க்கும் கீரை வடையும் சேருமா என்று கேட்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

கைக்குட்டையை நாற்காலியில் போட்டுவிட்டுக் காபிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறைய சபாக்களில் உறுப்பினர்களுக்கு நாற்காலி எண் கிடையாது. முன்னால் வருகிறவர்களுக்கு முன் இருக்கை. மணி அடிக்கும் வரை கைக்குட்டைக்கு மரியாதை உண்டு. அடித்த பிறகு அதை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் மடித்து வைத்துவிட்டு ஒரு மாமா உட்கார்ந்திருப்பார். அவரோடு சண்டை போட்டு ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. இரண்டு பேராகப் போனால் ஒருவர் உட்கார, ஒருவர் காபி வாங்கப் போகலாம்.

அந்தக் காபியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இப்போது பல நாடகங்கள் ஒன்றரை, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இடைவேளையே இல்லாமல் முடிகின்றன. ஆறேகாலுக்கு ஒரு டம்ளர் மோர், மேலே ஒரு டபுள் ஸ்ட்ராங் காபி குடித்தால் ஏழரைக்கு எழுந்திருக்கத்தான் வேண்டும். பத்து ஜோடி முழங்காலைத் தாண்டி வெளியே போய், பழைய அரங்கானால் கழிவறை வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் கதையில் ஒரு கல்யாணம் நின்று போயிருக்கும். அரை மணி முன்னதாகக் குடித்துவிட்டு, மணி அடிக்கும் முன் ஒருமுறை போய் வந்துவிடுவது நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் விஷயம் வேறு. ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு சாப்பாட்டை ஒன்பதரைக்குத் தள்ளுவது விளையாட்டில்லை. நேரத்தோடு சாப்பிட்டுவிட்டே வாருங்கள், பையில் நாலு பிஸ்கட் இருக்கட்டும்.

அந்தப் பிஸ்கட் டப்பாவில் இருக்கட்டும், பளபளக்கும் பாக்கெட்டில் வேண்டாம். உள்ளே சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் மேடைக்குக் கேட்கும். திரையில் இருக்கிற கதாநாயகன் உங்களைப் பார்ப்பதில்லை, மேடையில் இருப்பவர் பார்க்கிறார்.

நாடகம் முடிந்த பிறகு செய்கிற தவறுகளுக்கு வருவோம். அழைப்பிதழில் "ஒன்றே முக்கால் மணி நேரம்" என்று போட்டிருந்தால் அது நாடகத்துக்கு மட்டும். சிறப்பு விருந்தினர் பேச்சு, பொன்னாடை, நடிகர்கள் அறிமுகம், ஒளி ஒலி அமைத்தவர்களுக்கு நன்றி எல்லாம் அதில் சேராது. அப்புறம் வாசலில் தெரிந்தவர்களோடு ஐந்து நிமிஷம், வண்டி எடுக்கப் பத்து நிமிஷம். ஹோட்டல் மேஜையில் உட்காரும்போது ஒன்பதரை தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் சின்ன மெஸ்களை நம்பக் கூடாது. பெரிய ஹோட்டலானாலும் "எது இருக்கு?" என்று முதலில் கேட்டுவிட்டு மெனு கார்டைத் திறப்பது உத்தமம். வாணி மஹாலில் நாடகம் என்றால் அதே ஜி.என். செட்டி சாலையில் முருகன் இட்லிக் கடை இருக்கிறது. ராத்திரி நேரத்துக்கு இட்லியும் நாலு சட்னியும் போதும். தி. நகருக்குள்ளேயே வேறு நல்ல இடம் தேடலாமே என்று வண்டியை உஸ்மான் ரோடு பக்கம் திருப்பினால், துணிக்கடைக் கூட்டம் வீடு திரும்புகிற நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

நாடகத்தைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் கூட்டம் நெரிகிற டிபன் கடை சரிப்படாது. நீங்கள் கிளைமாக்ஸை அலசிக்கொண்டிருக்கும்போது உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் நின்றுகொண்டு உங்கள் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆழ்வார்ப்பேட்டை நாரத கான சபா பக்கம் என்றால் ராதாகிருஷ்ணன் சாலை நியூ உட்லண்ட்ஸ் மாதிரி பழைய ஹோட்டலுக்குப் போகலாம். அங்கே கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசலாம்.

எழும்பூர் மியூசியம் தியேட்டர், நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கம் நடக்கிற நவீன நாடகங்களுக்கு வேறு எச்சரிக்கை. தாமதமாக வந்தால் கதவைத் திறக்காத குழுக்கள் இங்கேதான் அதிகம். ரவா தோசை இங்கே ஒரு காட்சியோடு போகாது, முழு நாடகத்தையும் கொண்டுபோய்விடும். 1896இல் கட்டிய மியூசியம் தியேட்டர் பார்க்க அழகு, ஆனால் அந்த வளாகத்துக்குள் ராத்திரிச் சாப்பாடு தேடாதீர்கள். வெளியே பாந்தியன் சாலையிலும் அலையாமல், நேராக எழும்பூர் ரயில் நிலையத்து எதிர்ப்பக்கம் போய்விடுங்கள். ரயிலுக்கு வருகிறவர்களை நம்பி நடக்கிற கடைகள், அதனால் ராத்திரியிலும் அடுப்பு எரியும்.

முன்னால் ஒரு பெக் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு: சின்ன ஏசி அரங்கில் வாசனை ஐந்தாவது வரிசை வரை போகும். பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்றால், டாஸ்மாக் பத்து மணிக்கு மூடிவிடும். பொன்னாடைகள் எவ்வளவு என்பதைப் பொறுத்தது உங்கள் அதிர்ஷ்டம். நட்சத்திர ஹோட்டல் பார் திறந்திருக்கும், அங்கே பில் நாடக டிக்கெட்டைப் போலப் பல மடங்கு வரும்.

இந்தச் சபா ஒழுங்கை அப்படியே தூக்கிக்கொண்டு தெருக்கூத்துக்குப் போவதும் ஒரு தவறுதான். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் கூத்து ராத்திரி பத்து மணி வாக்கில் களைகட்டி விடிய விடிய நடக்கும். போகிற ஊரில் ஹோட்டல் இருக்கும் என்று போனால் எட்டரைக்கே கடையெல்லாம் சாத்தியிருக்கும். அதனால் வழியில் இருக்கிற டவுனிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், அதுவும் அரை வயிறு. மீதியைக் களத்து ஓரத்தில் போட்டிருக்கிற டீக்கடைக்கு விட்டு வையுங்கள். இங்கே வேர்க்கடலை உரித்தபடி பார்க்கலாம், பஜ்ஜி வாங்கி வந்து பாயில் உட்கார்ந்து தின்னலாம், யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரனே உங்கள் பஜ்ஜியைப் பார்த்து ஏதாவது கேட்டுவிடுவான். டீ குடிக்க எழுந்திருப்பதானால் அவன் வேடிக்கை நடக்கும்போது வேண்டாம். பெரிய வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடத் தொடங்கும்போது போனால், அவர் திரையை விலக்கி வெளியே வருவதற்குள் குடித்துவிட்டு வரலாம். சில்லறையாகப் பணம் எடுத்துப் போங்கள். அந்த நேரத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு மிச்சம் கொடுக்க டீக்கடைக்காரரிடம் இருக்காது, செல்போன் சிக்னலும் எல்லா ஊரிலும் ஒத்துழைக்காது. காலையில் கூத்து முடிந்ததும் தூக்கக் கலக்கத்தோடு வண்டியை எடுக்காமல், டவுன் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் முதல் ஈடு இட்லி இறங்குகிற வரை உட்கார்ந்திருந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.