திறமூல வழிகாட்டல் திட்டங்களில் சேர: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்பது, திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள் அமைப்புகளில் புதியவர்கள் வழிகாட்டலோடும் உதவித்தொகையோடும் வேலை செய்யும் திட்டம். அதற்கு விண்ணப்பிக்கிறவர்களில் பலர் மார்ச் மாதத்தில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கிறது. பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் பிப்ரவரியில் வரும். விண்ணப்பம் மார்ச் நடுவில் திறந்து மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ மூடும். இந்தச் சில வாரங்களுக்குள் ஒரு பெரிய மென்பொருளை நிறுவி, அதன் நிரலைப் படித்து, ஒரு திருத்தம் அனுப்பி, வருகிற விமர்சனத்துக்கு ஏற்ப மாற்றி, அதை ஏற்கவைப்பது மிகக் கடினம். மென்டார்கள், அதாவது வழிகாட்டிகள், பெரும்பாலும் தன்னார்வலர்கள். கடைசி வாரங்களில் அவர்களிடம் கேள்விகள் குவியும்போது உங்களுக்குப் பதில் வரவே நாளாகும்.

மூன்று மாதம் சேர்ந்து வேலை செய்ய ஓர் ஆளைத் தேடுகிறார்கள் மென்டார்கள். அந்த முடிவை, அதுவரை கண்ணால் பார்த்த வேலையை வைத்தே எடுக்கிறார்கள். எனவே அக்டோபர், நவம்பரிலேயே இறங்குங்கள். பட்டியல் வராத நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது? சம்மர் ஆஃப் கோட் தளத்தில் முந்தைய ஆண்டுகளின் அமைப்புகளும் முடிந்த திட்டங்களும் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. கேடிஇ, விக்கிமீடியா, ஜுலிப் போன்றவை பலமுறை பங்கேற்றவை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அனுமதி பெற வேண்டும் என்பதால் அடுத்த ஆண்டும் வருவார்கள் என்ற உறுதி இல்லை. ஆனாலும் கற்றது வீணாகாது.

எல்லாத் திட்டங்களுக்கும் ஒரே விதி என்று நினைப்பது அடுத்த தவறு. சம்மர் ஆஃப் கோடில் சேர 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம். திட்டங்கள் ஏறத்தாழ 90, 175, 350 மணி நேரம் என மூன்று அளவில் உள்ளன. உதவித்தொகை நாட்டைப் பொறுத்து மாறும். அவுட்ரீச்சி என்ற இன்னொரு வழிகாட்டல் திட்டம் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கலையும் பாகுபாட்டையும் சந்திப்பவர்களுக்கானது அது. அங்கே முதலில் ஒரு தொடக்க விண்ணப்பம் உண்டு. அது ஏற்கப்பட்டவர்களுக்கே பங்களிப்புக் காலத்தின் கதவு திறக்கும். இதை அறியாமல் நேரே ரெபோவுக்கு, அதாவது நிரல் இருக்கும் களஞ்சியத்துக்கு, போய் உழைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்எக்ஸ் மென்டார்ஷிப் மார்ச், ஜூன், செப்டம்பரில் தொடங்கும் மூன்று சுற்றுகளாக நடக்கிறது. இவற்றில் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

முதல் செய்தியும் முதல் கேள்வியும்

"சார், எனக்கு ஆர்வம் இருக்கிறது, எங்கே தொடங்குவது?" என்று மென்டாருக்குத் தனிச் செய்தி அனுப்புவதை விடுங்கள். பங்களிப்பாளர் வழிகாட்டியைப் படிக்கவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. பொது அரட்டை அறையில் கேளுங்கள். அங்கே வேறு ஒருவரும் பதில் சொல்லலாம், அடுத்து வருபவருக்கும் அது உதவும். கேள்வியில் இவை இருக்கட்டும்: எந்த இயங்குதளம், மென்பொருளின் எந்தப் பதிப்பு, என்ன கட்டளை கொடுத்தீர்கள், வந்த பிழைச்செய்தி முழுவதும் எழுத்தாக, சரிசெய்ய என்னென்ன முயன்றீர்கள். பிழைச்செய்தியைப் படமாக ஒட்டினால் அதை யாரும் நகலெடுத்துத் தேட முடியாது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவருக்கு அப்போது நள்ளிரவாக இருக்கலாம். ஒரு நாளாவது பொறுங்கள்.

"இந்த இஷ்யூவை (பதிவான பிழை அல்லது வேலை) எனக்கு ஒதுக்குங்கள்" என்று ஒரே நாளில் ஐந்து இடங்களில் எழுதுவதும் பரவலான பழக்கம். ஒன்றை எடுங்கள். முதலில் அந்தப் பிழையை உங்கள் கணினியில் வரவைத்துப் பாருங்கள். எந்தக் கோப்பில், எந்தச் செயற்கூறில் கோளாறு என்று நினைக்கிறீர்கள் என இரண்டு வரி எழுதுங்கள். வெறும் வேண்டுகோளைவிட அந்த இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம். புதியவர்களுக்கெனக் குறித்த இஷ்யூக்கள் தீர்ந்துபோயிருந்தால், நிறுவல் வழிகாட்டியை வரிவரியாகச் செய்து பாருங்கள். எங்காவது பழைய கட்டளையோ விடுபட்ட படியோ இருக்கும். அதைத் திருத்துவதும் நல்ல முதல் பங்களிப்புதான். ஆனால் தேவையில்லாத இடத்தில் காற்புள்ளியை மாற்றி எண்ணிக்கை கூட்டாதீர்கள். அக்டோபரில் திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் 2020-இல் டி-ஷர்ட்டுக்காக இப்படிக் குப்பை குவிந்தது. பராமரிப்பாளர்கள் கொதித்தெழ, விரும்பிச் சேரும் ரெபோக்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

புல் ரிக்வெஸ்டில் சறுக்கும் இடங்கள்

புல் ரிக்வெஸ்ட் என்பது உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை. அதில் மூன்று வரி மாற்றம் நானூறு வரியாகத் தெரிகிறதா? உங்கள் எடிட்டர் கோப்பைச் சேமிக்கும்போது முழுவதையும் தானாக வடிவமைத்திருக்கும். அல்லது விண்டோஸின் வரிமுடிவுக் குறிகள் புகுந்திருக்கும். விமர்சிப்பவரால் உண்மையான மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அவர் அப்படியே மூடிவிடுவார். தானியங்கி வடிவமைப்பை அந்த ரெபோவுக்கு மட்டும் நிறுத்துங்கள். அனுப்பும் முன் பழைய, புதிய நிரலின் வேறுபாட்டைக் கடைசி வரிவரை நீங்களே படியுங்கள்.

மெயின் பிராஞ்சிலேயே (நிரலின் முதன்மைக் கிளை) வேலை செய்யாதீர்கள். இரண்டாவது திருத்தம் தொடங்கும்போது முதலாவதன் கமிட்டுகளும் (பதிந்து வைத்த மாற்றங்கள்) சேர்ந்து வந்து குழப்பும். ஒவ்வொரு வேலைக்கும் தனி பிராஞ்ச், ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு மாற்றம். சில திட்டங்கள் கமிட்டில் 'சைன்ட் ஆஃப் பை' வரி (இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்ற உறுதி) கேட்கும், சில பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கும். இவை இல்லாவிட்டால் நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே போகாது. சோதனைகளை உங்கள் கணினியிலேயே ஓட்டிவிட்டு அனுப்புங்கள். விமர்சனம் வந்தால் பழையதை மூடிவிட்டு இன்னொன்றைத் திறக்க வேண்டாம். அதே பிராஞ்சில் திருத்துங்கள். இல்லையென்றால் அதுவரை நடந்த உரையாடல் அறுந்துபோகும்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த நிரலைப் படிக்காமல் அனுப்புவது இன்று பெருகியிருக்கும் தவறு. "இங்கே ஏன் இந்த நிபந்தனை?" என்று மென்டார் கேட்டால் விளக்க முடிய வேண்டும். திட்டத்தின் விதியையும் பாருங்கள். 2024 ஏப்ரலில் ஜென்டூ லினக்ஸ் என்ற இயங்குதளத் திட்டம், செயற்கை நுண்ணறிவு எழுதிய பங்களிப்புகளையே தடை செய்தது.

ப்ரொபோசல்

சம்மர் ஆஃப் கோடில் மூன்று ப்ரொபோசல் (செய்யப்போகும் வேலையை விளக்கும் முன்மொழிவு) வரை அனுப்பலாம், ஒன்றில்தான் தேர்வாக முடியும். மூன்றையும் அரைகுறையாக எழுதுவதைவிட ஒன்றை நன்றாக எழுதுங்கள். அமைப்பின் யோசனைப் பட்டியலில் உள்ள பத்தியை மாற்றி எழுதிக் கொடுப்பதால் பயனில்லை. எந்தக் கோப்புகளைத் தொடுவீர்கள், ஏன் அந்த வழி, எதை எப்படிச் சோதிப்பீர்கள், எது சிக்கலாகலாம் என்பவை வேண்டும். வாரவாரியான திட்டத்தில் ஓரிரு வாரத்தை எதிர்பாராத தாமதத்துக்காகவும் ஆவணப்படுத்தவும் ஒதுக்குங்கள். செமஸ்டர் தேர்வுத் தேதிகளை மறைக்காதீர்கள். தேர்வு வாரத்தில் வேலை குறையும் என்று முன்பே எழுதியவரை மென்டார் புரிந்துகொள்வார். சொல்லாமல் காணாமல் போனவர் இடைக்கால மதிப்பீட்டிலேயே வெளியேற நேரிடும்.

வரைவைக் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பாவது மென்டாரிடம் காட்டுங்கள். கெடு பொதுவாக 18:00 யூடிசி (உலகப் பொது நேரம்), அதாவது இந்திய, இலங்கை நேரப்படி இரவு 11.30. அதுவரை பிடிஎஃப் கோப்பை மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்பதால் முன்கூட்டியே ஒரு பிரதியை ஏற்றிவிடுங்கள். கடைசி மணியில் தளமோ இணைப்போ தகராறு செய்தால் விதிவிலக்கு கிடையாது.

தேர்வாகாவிட்டால் ரெபோவை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஓர் அமைப்புக்கு எத்தனை இடம் என்பதைக் கூகுள்தான் முடிவு செய்கிறது. நல்ல ப்ரொபோசலும் இடமில்லாமல் நின்றுபோகும். எது குறைந்தது என்று மென்டாரிடம் கேளுங்கள். பாதியில் நிற்கும் புல் ரிக்வெஸ்டை முடியுங்கள். முடிக்க முடியாதென்றால், உங்கள் பெயரில் உள்ள இஷ்யூவை வேறொருவர் எடுக்கலாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.